தண்டவாளத்தின் அடியில் ஒரு வழி பிறந்த கதை



கட்டட வேலை நடக்கும் இடத்தில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று மனத்துக்குள் சொல்லியும் இருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ரயில் பாதையின் அடியில் ஒரு சுரங்கப்பாதை கட்டி முடியும் வரை, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், பெரும்பாலான சனிக்கிழமைகளில் பசியாறிவிட்டுப் போய் நின்று பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் தேதி போட்டுக் குறித்தும் வைத்தேன்.

அப்படிப் பார்த்ததில் ஒரு சங்கதி விளங்கியது. ஒரு சுரங்கப்பாதை ஊருக்கு உதவுமா, உபத்திரவமாகுமா என்பது சிமெண்டு கொட்டும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு வெகு முன்னால், வரைபடத்தில் ஒரு கோட்டை மேலே போடுவதா கீழே போடுவதா என்று பார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. எங்கள் ஊரில் அந்தக் கோடு எண்பது சென்டிமீட்டர் மேலே ஏறிய கதைதான் இது.

எங்கள் ஊர் ஜொகூர் மாநிலத்தில், லாபிஸுக்கும் குளுவாங்குக்கும் இடைப்பட்ட ரயில் பாதையில் இருக்கிறது. பெயரைச் சொல்லாவிட்டாலும் குறையில்லை. பெக்கோக், பாலோ, சாமெக் என்று அந்தப் பாதையில் உள்ள சிற்றூர்களில் நீங்கள் இறங்கியிருந்தால் சாயல் பிடிபட்டுவிடும். ஒரு பக்கம் ஸ்டேசன், எதிரே இரண்டு வரிசைக் கடைவீடுகள், கிளினிக். மறுபக்கம் மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. மருந்து வாங்க வேண்டுமானாலும் மீன் வாங்க வேண்டுமானாலும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கடைத்தெருப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வரவும் அதே வழிதான்.

தாண்டுவதற்கு இருந்தது ஒரு கேட். மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மினுங்கும், தடுப்புக் கம்பம் இறங்கும். ஒற்றைப் பாதை என்பதால் எதிர்ரயிலுக்காகக் காத்திருந்து காத்திருந்து வண்டிகள் வரும், நாங்களும் காத்திருப்போம். காய்கறி விலையிலிருந்து கல்யாணப் பேச்சு வரை அந்தக் கேட்டடியில் நடந்ததுண்டு. இன்றும் அதை நினைத்து ஏங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் கேட் இறங்கிய பிறகு மோட்டார் சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைந்து போகிறவர்களை வாரத்தில் நாலைந்து தடவை பார்த்த எனக்கு அந்த ஏக்கம் வரவில்லை.

இந்த நாட்டில் முதல் ரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரம். அந்தப் பாதையைப் போட வந்தவர்களில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினரும் உண்டு. ஜொகூரின் குறுக்கே கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் திறக்கப்பட்டது. கல் பரப்பியவர்களிலும் கட்டை மாற்றியவர்களிலும் தண்டவாளத்தை நடந்தே சோதித்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். ஸ்டேசன் மாஸ்டர் நாற்காலியில் யாழ்ப்பாணத்தார் அமர்ந்திருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த ஒற்றைப் பாதை நூறு ஆண்டுகளுக்கு மேல் எங்களைச் சுமந்தது. பிறகு இரட்டைப் பாதை வந்தது.

ரவாங்கிலிருந்து ஈப்போவுக்கும், சிரம்பானிலிருந்து கெமாஸுக்கும், ஈப்போவிலிருந்து பாடாங் பெசாருக்கும் மின்சார இரட்டைப் பாதை முன்பே போட்டாகிவிட்டது. எஞ்சியிருந்தது கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை, ஏறக்குறைய 192 கிலோமீட்டர். அந்த வேலை 2018-இல் தொடங்கியது. எங்கள் ஊர்க் கேட்டின் அருகே அளவுக்காரர்கள் மூன்றுகால் கருவியை நிறுத்தி, சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். கேட் இனி இருக்காது என்று ஊரில் பேச்சு அடிபட்டது.

கேட்டை ஏன் எடுக்க வேண்டும்? மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வினாடிக்கு எவ்வளவு என்று ஆறாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள், ஏறக்குறைய 39 மீட்டர் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்கள் எண்ணுவதற்குள் ஒரு பந்துத் திடலின் நீளத்தைக் கடந்துவிடும். ஓட்டுநர் எதையாவது கண்டு முழுப் பலத்தோடு பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும்.

இன்னொரு காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. ரயிலுக்கு மின்சாரம் தரும் அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 தான். தோட்டத்து வாசகர்கள் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். உயர்ந்த மரத்தில் குலை வெட்ட நாம் பயன்படுத்தும் அலுமினியக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மின்பாதையின் அருகே போகாதீர்கள். அவ்வளவு வலுவான மின்சாரம், கம்பியைத் தொடாமலே, நெருங்கினாலே தாவிப் பிடிக்கக்கூடியது. மழை நாளில் கேட்கவே வேண்டாம். குலை ஏற்றிய லோரியின் மேல் ஆள் உட்கார்ந்து கேட்டைக் கடக்கிற பழைய பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். எந்தக் கேட்டும் இனி கூடாது என்று அவர்கள் முடிவு செய்தது சரிதான் என்பது என் எண்ணம்.

கேட்டுக்குப் பதிலாக இரண்டு வழிகள் வரும் என்றார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி லோரிகளுக்கும் பஸ்களுக்கும் மேம்பாலம். கேட் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கார், மோட்டார் சைக்கிள், நடப்பவர்கள் போக ஒரு சுரங்கப்பாதை. 2019-இல் பொது மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. சுவரில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இழப்பீடு யாருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார் இருவரும் வரைபடத்தின் முன்னால் நின்று எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டோம்.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லுகிறேன். பயப்பட வேண்டாம், கூட்டலும் கழித்தலும்தான்.

புதிய தண்டவாளம் பக்கத்துச் சடக்கின் மட்டத்திலிருந்து 2.2 மீட்டர் உயர்ந்த கரையின் மேல் போகிறது. தண்டவாளத்தின் உச்சியிலிருந்து, கட்டை, ஜல்லி, சிமெண்டுக் கூரை எல்லாம் சேர்த்து 1.5 மீட்டர் கனம். ஆகக் கூரையின் அடிப்பாகம் சடக்கு மட்டத்துக்கு 0.7 மீட்டர் மேலேதான் இருக்கும். உள்ளே 3.2 மீட்டர் உயரம் வேண்டுமென்றால் தரையைச் சடக்கிலிருந்து 2.5 மீட்டர் கீழே இறக்க வேண்டும். பதினைந்தடி தூரத்துக்கு ஓரடி இறக்கம் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு முப்பத்தேழரை மீட்டர் நீளச் சரிவு. லோரி போகும்படி 5 மீட்டர் உயரம் வேண்டுமென்றால் 4.3 மீட்டர் தோண்ட வேண்டும். சரிவும் அறுபத்தைந்து மீட்டரை நெருங்கும். அவ்வளவு இடம் கோயில் பக்கத்தில் இல்லை. லோரிக்கு மேம்பாலம் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. சாதாரண நாளில் அதன் தண்ணீர் சடக்கு மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே நிற்கும். சுரங்கப்பாதையின் தரையோ 2.5 மீட்டர் கீழே. அப்படியானால் ஓடை நீரைவிட அரை மீட்டர் தாழ்வான இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் நடந்து பள்ளிக்கு வரப்போகிறார்கள்! இதைக் கண்டதும் எனக்குப் பகீரென்றது. மழைக்காலத்தில் பத்து வயதுப் பிள்ளை முழங்காலளவு தண்ணீரில் இறங்குவதா, சுற்றிக்கொண்டு மேம்பாலம் போவதா, வேலியில் ஓட்டை போட்டுத் தண்டவாளத்தைத் தாண்டுவதா? பிள்ளைகள் மூன்றாவதைத்தான் செய்வார்கள் என்பது அவர்களோடு பழகிய யாருக்கும் தெரியும்.

அதே கணக்கிலேயே பதிலும் இருந்தது. வேனுக்கு 3.2 மீட்டர் உயரம் வேண்டும். மனிதனுக்கு எதற்கு அவ்வளவு உயரம்? எங்கள் ஊரில் மிக உயரமானவர் தலையில் பால்குடம் வைத்தாலும் 2.4 மீட்டர் தாராளம். 3.2-இல் 2.4 போனால் மீதி 0.8. நடைபாதையைச் சடக்கோடு சமமாகப் போடாமல் எண்பது சென்டிமீட்டர் உயர்த்தித் திண்ணைபோலக் கட்டிவிட்டால், அது ஓடையின் சாதாரண நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடும். நடப்பவர்கள் ஏறி இறங்க வேண்டிய சரிவும் குறையும். தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளும் தாய்க்கும், முழங்கால் வலிக்காரருக்கும் அது பெரிய உதவி.

பொறுப்பிலிருந்த பொறியாளர் இளைஞர். மலாய்க்காரப் பிள்ளை. கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சிகு, நீங்கள் சொல்வது தவறில்லை. ஆனால் உள் அகலம் ஆறரை மீட்டர்தான். உயர்ந்த நடைபாதைக்கும் கைப்பிடிக்கும் இரண்டு மீட்டர் போய்விட்டால் எதிரும் புதிருமாகக் கார்கள் போக முடியாது. ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை! கார் வைத்திருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். கடைக்காரர்களோ, வண்டி நின்று நின்று போனால் வியாபாரம் குறையும் என்றார்கள். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. மூன்று நாள் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை கேட்டடியில் நின்று எண்ணினோம். நடந்தும் சைக்கிளிலும் கடந்தவர்கள் காரில் கடந்தவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். கார் வைத்திருந்தவர்களே வியந்து போனார்கள். காருக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முன்னால் உள்ள கார் மட்டும்தான் தெரிகிறதோ என்னவோ!

இதற்கிடையே கோயிலில் வேறொரு பிரச்சினை கிளம்பியிருந்தது. எங்கள் அம்மனின் ரதம் பதின்மூன்றரை அடி உயரம், அதாவது நாலு மீட்டருக்கு மேல். ஆடித் திருவிழாவில் கேட்டைத் தாண்டிக் கடைத்தெருவைச் சுற்றி வருவது மூன்று தலைமுறை வழக்கம். சுரங்கப்பாதையின் உயரமோ 3.2 மீட்டர். மேம்பாலம் வழியாகப் போகலாமே என்றால், பால்குடம் எடுத்தவர்கள் வெறுங்காலோடு லோரிகளுக்கு நடுவே போய்வர மூன்று கிலோமீட்டர். இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் இன்னும் அதிகம் என்பதை ஓடையைக் காட்டி விளக்க வேண்டியிருந்தது.

கடைசியில் தச்சு வேலை தெரிந்த ஒருவர் ரதத்தை அளந்து பார்த்து, மேல் விமானத்து நாலடியையும் ஆணி திருகிக் கழற்றி மாட்டும்படி செய்துவிடலாம் என்றார். கலசத்தைக் கழற்றுவது அபசகுனம் என்று ஒருவர் எழுந்து நின்றார். மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பால்மரக் காலத்திலிருந்து அந்தக் கோயிலுக்குக் கோலம் போடுகிறவர், “பிள்ளை வூட்டுக்கு வர்ற தாய்க்கு நிலை தட்டுனா குனிஞ்சுதானே வருவா! ஆத்தாளும் குனிஞ்சு வரட்டும்” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மறுவாரமே பலகை வாங்க ஆள் போய்விட்டது.

2020 தொடக்கத்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். இனிமேல்தான் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நல்ல காலம்.

ரயிலை நிறுத்தாமல் ரயிலுக்கு அடியில் எப்படித் தோண்டுவது என்று நீங்கள் கேட்கலாம். பழைய தண்டவாளத்தில் வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் புதிய பாதை வரவேண்டிய இடத்தில் சுரங்கத்தின் ஒரு பாதியை முதலில் கட்டினார்கள். அது முடிந்து, அதன் மேல் புதிய தண்டவாளம் போட்டு, வண்டிகளை அதற்கு மாற்றிய பிறகு, பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு மறு பாதி. நம் வீட்டில் சமைத்துக்கொண்டே குசினியைப் பாதி பாதியாகப் புதுப்பிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழைய பாதை சரிந்துவிடாமல் இருக்க, வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து மண்ணுக்குள் அடித்துச் சுவர்போல நிறுத்தினார்கள். அடித்த அடியில் ஆசிரியர் அறைக் கோப்பைகள் ஆடின.

வேலையாட்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் அதிகம். தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் தொலைபேசியில் மனைவி மக்களோடு பேசிக்கொண்டு கரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நம் தாத்தாமாருக்கு அந்த வசதியும் இல்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் வேலை நின்றது. குழியும் பள்ளியும் ஒன்றாக வெறிச்சோடின. மீண்டும் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும், 2021 ஜனவரியில் ஜொகூரில் பெருமழை. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் மக்கள் வீடு விட்டு நிவாரண மையங்களுக்குப் போன மழை அது. எங்கள் குழி ஒரே இரவில் குளமானது. மழை விட்டது, வெயிலும் அடித்தது, குளம் வற்றவில்லை. ஓடை இறங்கினால்தானே அது இறங்கும்? பத்து நாட்களுக்கு மேல் வாத்துகள் நீந்தின. கரையில் தூண்டில் போட்டவர்களும் உண்டு.

அந்தக் குளம் எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது. கணக்கைப் பார்த்து மனம் மாறாதவர்கள் குளத்தைப் பார்த்து மாறினார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், கம்பத்துத் தலைவர், கோப்பிக் கடைத் தவுக்கே என்று நாலு பக்கத்துக் கையெழுத்தோடும் மலாய் மொழியில் ஒரு கடிதம் போயிற்று. குளத்தின் படமும், எங்கள் மூன்று நாள் எண்ணிக்கையும், எண்பது சென்டிமீட்டர்க் கணக்கும் இணைப்பு. பெட்டியின் கூரையையோ சுவரையோ மாற்ற வேண்டியதில்லை, உள்ளே ஒரு திண்ணையும் வெளியே ஒரு சரிவும் போதும் என்று தெளிவாக எழுதியிருந்தோம். கேட்பது எளிதில் செய்யக்கூடியதாக இருந்தால் காதில் விழும் என்பது பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கேட்டுக் கேட்டுப் பெற்ற அனுபவம். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் புதிய வரைபடம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் நடைபாதை மேலே ஏறியிருந்தது! வண்டிகளுக்கு ஒற்றை வழி, இரு முனையிலும் பச்சை சிவப்பு விளக்கு.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இரும்புக் கம்பிகளைப் பின்னலாகக் கட்டினார்கள். சிமெண்டுக் கலவை லோரிகள் இரவில் வரிசையாக வந்தன. ஒவ்வொரு லோரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சிறு சதுர அச்சுகளில் ஊற்றி வைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் “கேக் செய்கிறார்களா டீச்சர்?” என்று கேட்டார்கள். அந்தக் கட்டிகளை ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் ஊற்றிய சுவருக்கே ஆபத்து. அதனால்தான் நல்ல சுவர் அவசரத்தில் எழும்புவதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஈர மண்ணுக்குள் புதைந்த வெற்றுப் பெட்டி மிதக்கப் பார்க்கும். நம்ப முடியவில்லையா? நானும் வகுப்பில் வாளித் தண்ணீரில் மூடிய சாப்பாட்டு டப்பாவை அழுத்திக் காட்டினேன். கையை எடுத்ததும் மேலே வந்தது. உள்ளே கல்லைப் போட்ட பிறகுதான் அடங்கியது. சுரங்கத்தின் அடித்தளம் சுவரைத் தாண்டி இருபுறமும் நீண்டிருப்பதும், அதன் மேல் மண் ஏற்றி மிதிப்பதும் இதற்காகத்தான். அறிவியல் பாடத்தில் அன்றைக்குத் தூங்கியவர் எவருமில்லை.

தண்ணீருக்கான ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுரங்கப்பாதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. சரிவு தொடங்கும் இடத்துக்கு முன்னால் சடக்கைச் சற்று மேடாக்கியிருக்கிறார்கள். வெளியே ஓடும் மழைநீர் உள்ளே புகாமல் திரும்பிப் போகும். சரிவிலேயே விழும் மழை, இரும்புக் கம்பி மூடிய குறுக்குக் கால்வாயில் விழுந்து, மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள தொட்டிக்குப் போகும். அங்கே இரண்டு பம்புகள். ஒன்று பழுதானால் மற்றது. கழிவறைத் தொட்டியில் இருக்கும் மிதவைப் பந்துபோல் ஒன்று தண்ணீர் ஏறியதும் பம்பை முடுக்கும். ஓடையில் விடும் குழாயின் வாயில் ஒரு மூடி இருக்கிறது. வெளியே மட்டும் திறக்கும். அது இல்லாவிட்டால் ஓடை பெருகும்போது தண்ணீர் அதே குழாயில் திரும்பி வந்துவிடும். பம்புக்கான மின்பெட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தாழ்வான இடத்தில் வைத்தால் வெள்ளத்தில் முதலில் சாவது அதுதான். எங்களுடையது கோயில் மதில் பக்கம் ஆளுயர மேடையில் இருக்கிறது.

2023 மார்ச்சில் ஜொகூரில் மறுபடியும் பெருவெள்ளம் வந்தது. லாபிஸ், சிகாமட், பத்து பகாட் பக்கமெல்லாம் தத்தளித்தன. அப்போது சுரங்கத்தின் இரண்டு பாதியும் கட்டி முடிந்திருந்தன. பம்புக்கு மின்சாரம் இன்னும் கொடுக்கவில்லை. மழை சற்று ஓய்ந்த காலையில் குடையோடு போய்ப் பார்த்தேன். வண்டிப் பாதையில் கலங்கல் தண்ணீர், சுவரில் இருந்த குறியின்படி அறுபது சென்டிமீட்டருக்கு மேல். உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் கைவிளக்கோடு நடந்து வந்தார். உயர்ந்த நடைபாதையின் மேல்தான் வந்தார். அவர் காலணி நனையவில்லை. நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக வேறெதையும் எழுதவில்லை, அதை மட்டும்தான் எழுதினேன்.

2024-இல் பாதை திறந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டைப் பிடுங்கி, இருபுறமும் வேலி போட்டு அடைத்தார்கள். ஒற்றை வழி விளக்கைப் பற்றி முதல் மாதம் முழுக்கப் புகார்தான். சிவப்பில் நிற்கும் நேரம் கேட்டில் நின்ற நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் புதிய சிவப்புக்குப் பழகச் சில நாள் ஆகும் போலிருக்கிறது. உயரம் பாராமல் சாமான் ஏற்றி வந்த வேன்கள் முனையில் உள்ள தடுப்புக் கம்பத்தில் இடித்துக்கொண்டதும் உண்டு. அந்தக் கம்பம் சுரங்கத்துக்கு முன்னாலேயே நிற்பதால் அடி அதோடு போயிற்று. கூரையில் அடி விழுந்தால் மேலே போகும் ரயிலுக்கு அல்லவா கேடு.

அந்த ஆடித் திருவிழாவில் ரதம் விமானம் இல்லாமல் கீழே இறங்கியது. இழுப்பதைவிட இறக்குவதுதான் கடினம் என்று அன்றைக்குத் தெரிந்தது. சரிவில் தானாக ஓடிவிடாமல் பின்னால் வடம் கட்டி இருபது பேர் பிடித்துக்கொண்டார்கள். மறுபக்கம் மேலே வந்ததும் விமானத்தை ஏற்றி ஆணி முடுக்கப் பத்து நிமிடம். நாதஸ்வரக்காரர் சுரங்கத்துக்குள் ஊதியதும் எழுந்த எதிரொலி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டு அங்கேயே நின்று இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

2025 மார்ச்சில் மின்ரயில் சிகாமட் வரையும், ஆகஸ்டில் குளுவாங் வரையும், ஆண்டின் கடைசியில் ஜொகூர் பாரு வரையும் வந்தது. இப்போது சுரங்கப்பாதையில் நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு குறுகிய அதிர்வு கேட்கும். கைப்பிடியில் கை வைத்திருந்தால் விரல்களிலும் தெரியும்.

குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் விளக்குகளில் இரண்டு எரிவதில்லை. மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அந்த இடத்தில் வேகமாக நடக்கிறார்கள். குறுக்குக் கால்வாயின் கம்பி மூடியில் செம்பனைச் சருகும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்துவிடுகின்றன. மாதம் ஒரு முறை கோயில் இளைஞர்கள் வாரிப் போடுகிறார்கள், இது அவர்கள் வேலையில்லை என்றாலும். பம்பு நின்றுவிட்டால் யாரை அழைப்பது என்று மின்பெட்டியின் கதவில் ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்தது. வெயிலில் கடைசி மூன்று எண்கள் அழிந்துவிட்டன. மழைக்காலம் தொடங்குவதற்குள் அதைப் புதிதாக எழுதித் தரும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.